ஒலிக்கு இடம் பார்த்தல்

ஸ்பீக்கர் வாங்கும் முன் அறையைக் கேட்க வேண்டும். ஹாலின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். கிரானைட் தரை, வழவழப்பாகப் பட்டி பார்த்த சுவர், கான்கிரீட் தளம். தட்டிய ஓசை எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே கிணுகிணுவென்று அலைந்துவிட்டுத்தான் அடங்கும். படுக்கையறைக்குள் போய்த் தட்டினால் அந்த அலைச்சல் இல்லை. மெத்தை, தலையணை, கொடியில் கிடக்கும் துணிகள் எல்லாம் அதை வாங்கிக்கொள்கின்றன. ஒரே கை, ஒரே வீடு, இரண்டு ஓசைகள்.

நம் காதுக்கு வருவதில் ஸ்பீக்கரின் பங்கு எவ்வளவு, அறையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஸ்பீக்கரைச் சுவருக்குள் பதிப்பதா, புத்தக அலமாரியில் வைப்பதா என்ற கேள்வியை அலங்காரம் சார்ந்ததாக மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை.

*

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பெட்டியோ பலகையோ இல்லாமல் அதை அப்படியே தொங்கவிட்டால், முன்னால் பிறந்த தாழ்ந்த ஒலியும் பின்னால் பிறந்ததும் ஒன்றையொன்று சுற்றிவந்து அழித்துக்கொள்ளும். இரண்டையும் பிரித்து வைக்க ஒரு தடுப்பு வேண்டும். அதற்காகத்தான் பெட்டி. சுவரும் அதைச் செய்யும், பெட்டியைவிட நன்றாகவே செய்யும்.

1940களிலும் 50களிலும் அமெரிக்காவில் இசை ஆர்வலர்கள் பலர் ஸ்பீக்கரைச் சுவரிலோ, துணி வைக்கும் சிற்றறையின் கதவிலோ ஓட்டையிட்டுப் பொருத்தினார்கள். நல்ல தாழ்ந்த ஒலி வேண்டுமென்றால் ஒரு பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டியிருந்த காலம் அது. 1954இல் எட்கர் வில்ச்சர், காற்றுப் புகாமல் அடைத்த சிறு பெட்டிக்குள் இருக்கும் காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தி ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். அலமாரித் தட்டில் அடங்கும் பெட்டியிலிருந்து ஆழமான ஒலி வந்தது. 1958 வாக்கில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தபோது ஒரு வீட்டுக்கு இரண்டு பெட்டிகள் தேவைப்பட்டன. சிறு பெட்டி இல்லாமல் இருந்திருந்தால் ஸ்டீரியோ அத்தனை வீடுகளுக்குள் நுழைந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இன்று இரண்டு ஆறாகிவிட்டது. ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். நடந்தால் காலில் தட்டும் ஒயர், பெருக்கும்போது நகர்த்த வேண்டிய ஸ்டாண்டு, குழந்தை விரலால் அழுத்திப் பார்க்கும் ட்வீட்டர் என்ற உச்ச ஒலிச் சிறு ஸ்பீக்கர். வீட்டில் உள்ளவர்கள் இதையெல்லாம் கண்ணில் படாமல் வைக்கச் சொன்னால் அது நியாயமான கோரிக்கை. ஒலியின் பெயரால் அதைத் தள்ளிவிடக் கூடாது. நல்ல வேளையாக, இந்த இடத்தில் ஒலியும் அவர்கள் பக்கமே சாய்கிறது.

*

ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 3.4 மீட்டர் நீளம். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை 3.4 சென்டிமீட்டர். கீச்சென்ற ஒலி ட்வீட்டர் பார்க்கும் திசையில் போகும். தாழ்ந்த ஒலிக்கு அந்தச் சிறு பெட்டி ஒரு பொருட்டே இல்லை, நாலாபுறமும் பரவும். பின்பக்கம் போன பங்கு சுவரில் பட்டுத் திரும்பி, நேராக வந்த ஒலியோடு சேர்கிறது.

சேரும்போது எல்லாமே கூடிவிடுவதில்லை. சுவரிலிருந்து 85 செ.மீ. தள்ளி ஸ்பீக்கர் இருந்தால், 100 ஹெர்ட்ஸ் அருகே திரும்பிவரும் அலை எதிர்நிலையில் வந்து நேர் ஒலியைக் குறைக்கிறது. 30 செ.மீ. தள்ளியிருந்தால் அந்தப் பள்ளம் ஏறத்தாழ 285 ஹெர்ட்ஸில் விழும். மனிதக் குரலின் உடம்பு இருக்கும் இடம் அது. அறையின் சுவர்கள் ஸ்பீக்கரின் ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதை ராய் ஆலிசன் 1974இல் ஒரு கட்டுரையில் அளந்து காட்டினார். பாட்டு மெலிந்து ஒலிக்கிறது, வேறு ஆம்ப் வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களிடம், முதலில் ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளக்கச் சொல்கிறேன்.

ஸ்பீக்கரின் முகம் சுவரோடு சமமாக அமைந்துவிட்டால் பின்பக்கம் என்று ஒன்று இல்லை. அந்தப் பள்ளமும் இல்லை. முழுவெளியில் பரவ வேண்டிய தாழ்ந்த ஒலி அரைவெளிக்குள் அடங்குவதால் அதன் அழுத்தம் 6 டெசிபெல் வரை கூடுகிறது. பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் பிரதான ஸ்பீக்கர்களைச் சுவருக்குள் பதித்திருப்பது இதற்காகத்தான். 1983இல் டாம்லின்சன் ஹோல்மன் வகுத்த டிஎச்எக்ஸ் என்ற திரையரங்க ஒலி முறையிலும் திரைக்குப் பின்னால் ஒரு பெரிய தடுப்புச் சுவர் எழுப்பி அதில்தான் ஸ்பீக்கர்களைப் பொருத்துகிறார்கள். சுவருக்குள் வைப்பது என்றாலே தரத்தில் ஒரு படி இறங்குவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு.

*

ஆனால் எந்தச் சுவர்?

கடையில் கிடைக்கும் சுவர் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை அமெரிக்க வீட்டுக்காகப் பிறந்தவை. அங்கே சுவர் என்பது மரச் சட்டங்களின் இருபுறமும் அறைந்த அரை அங்குல ஜிப்சம் பலகை. சட்டங்களுக்கு நடுவே சுமார் 37 செ.மீ. அகலம், 9 செ.மீ. ஆழம், தரையிலிருந்து கூரை வரை வெற்றிடம். கணக்கிட்டால் ஒரு கட்டத்துக்கு எண்பது லிட்டர் காற்று. ஒரு கத்தியும் ஸ்குரூ டிரைவரும் இருந்தால் ஒரு மாலைக்குள் ஸ்பீக்கர் உள்ளே போய்விடும்.

நம் வீட்டில் அறைகளைப் பிரிக்கும் சுவர் நாலரை அங்குலச் செங்கல். அதாவது 11.4 செ.மீ. ஸ்பீக்கர் கேட்கும் 9 செ.மீ. ஆழத்தை அதில் கொத்தினால் மிச்சம் இருப்பது ஓர் அங்குலம். செங்கல் சுவரில் காடி எடுப்பதற்கே, செங்குத்தாக என்றால் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, படுக்கைவாட்டில் என்றால் ஆறில் ஒரு பங்கு என்று பொறியாளர்கள் எல்லை வைத்திருக்கிறார்கள். நாலரை அங்குலச் சுவரில் ஸ்பீக்கருக்காகக் குழி வெட்டக் கூடாது. தூணையும் உத்தரத்தையும் தொடவே கூடாது. கொத்தனார் முடியும் என்பார், அவர் கையில் இருக்கும் கருவியால் முடியும்தான். சுவருக்கு அது தகாது.

ஒன்பது அங்குலச் சுவரின் கதை வேறு. பழைய வீடுகளில் விளக்கு வைக்க மாடம் விட்டே சுவரைக் கட்டினார்கள். கட்டியபின் இடித்து வைத்ததல்ல அது, கட்டும்போதே விட்ட இடம். புதிதாகக் கட்டுகிறவர்கள் அதேபோல் மேலே ஒரு சிறு லிண்டல் வைத்து ஸ்பீக்கருக்கும் மாடம் விடலாம். 25 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம், 9 செ.மீ. ஆழம் என்றால் ஒன்பது லிட்டர். எண்பது லிட்டருக்குப் பழகிய ஸ்பீக்கர் ஒன்பது லிட்டரில் மூச்சுத் திணறும். ஆகவே சொந்தப் பெட்டியோடு வரும் மாதிரியை வாங்க வேண்டும். அல்லது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபரிடம் விட்டுவிட வேண்டும்.

கட்டிய வீட்டுக்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, டிவி இருக்கும் சுவருக்கு முன்னால் சட்டம் அடித்து ஜிப்சம் பலகையிலோ கனத்த பிளைவுட்டிலோ ஒரு பொய்ச் சுவர் எழுப்புவது. அரை அடி இடம் போகும். உள்ளே கிளாஸ்வூல் அடைத்து, பலகையை இரட்டையாக வைத்து, சட்டத்தை நெருக்கமாக அடித்தால் சுவர் அதிராது. அதிர்கிற சுவரும் ஒரு ஸ்பீக்கர்தான், யாரும் கேட்காத பாட்டைப் பாடும் ஸ்பீக்கர்.

*

புத்தக அலமாரி எனக்குப் பிடித்த வழி. சுவரைத் தொடாமலே சுவரின் குணத்தில் பாதியைத் தருகிறது.

பெரும்பாலானவர்கள் ஸ்பீக்கரைத் தட்டின் உட்புறம் தள்ளி வைத்து, முன்னால் ஒரு பொம்மையையும் வைத்துவிடுகிறார்கள். ஸ்பீக்கரின் இருபுறமும் மேலும் இருக்கும் வெற்றிடம் ஒரு பானை போல முழங்கும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டில் ஒலி பட்டுத் தெறிக்கும். 15 செ.மீ. கூடுதல் தூரத்தைக் கடக்க ஒலிக்கு அரை மில்லி வினாடிகூட ஆகாது. அவ்வளவு சீக்கிரம் வருவதைக் காது எதிரொலியாகப் பிரித்தறிவதில்லை. குரலின் நிறமாகவே எடுத்துக்கொள்கிறது. பாடகரின் குரல் கரகரத்துவிட்டதாக நமக்குத் தோன்றும்.

செய்ய வேண்டியது எளிது. ஸ்பீக்கரின் முகத்தைத் தட்டின் விளிம்புக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு விரற்கடை வெளியே நின்றாலும் நல்லதே. இருபுறமும் மேலேயும் புத்தகங்களை நெருக்கி, அவற்றின் முதுகும் விளிம்புக்கு வரும்படி அடுக்க வேண்டும். அப்போது அலமாரி முழுவதுமே ஸ்பீக்கரைச் சுற்றிய ஒரு பெரிய பலகையாகிவிடும். ஸ்பீக்கருக்கு அடியில் ரப்பர் துண்டுகள், இல்லையேல் தட்டும் சேர்ந்து பாடும். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி இதற்கு உதவாது.

பின்புறம் துளை உள்ள ஸ்பீக்கர்களை இப்படி அடைத்து வைக்கக் கூடாது. அந்தத் துளை ஸ்பீக்கரின் இரண்டாவது வாய், அதற்குப் பின்னால் வெளி வேண்டும். அலமாரிக்கு வாங்குகிறவர்கள் முழுக்க அடைத்த பெட்டியையோ முன்பக்கம் துளை உள்ளதையோ கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று. சிறு பெட்டிகள் பலவும் தனியே ஸ்டாண்டில் நிற்பதற்காகவே வடிவமைக்கப்பட்டு, தாழ்ந்த ஒலி சற்றுத் தூக்கலாகச் சரிசெய்யப்பட்டவை. அலமாரியில் வைத்ததும் அந்தத் தூக்கல் இரட்டிப்பாகும். ஆம்ப்பில் பேஸ் திருகைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் சரியாகிவிடும். திருகைத் தொடுவதைப் பாவம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

*

இரவு பத்து மணிக்குப் படம் ஓடுகிறது. சண்டைக் காட்சி வீட்டை உலுக்குகிறது. பேச்சு வந்ததும் அம்மா கேட்கிறார், “இப்ப என்ன சொன்னான்?”

வயதானால் முதலில் மங்குவது உச்ச ஒலிகள். மெய்யெழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் கூர்மை பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கிறது. ஒலி கேட்கும், சொல் புரியாது. படத்தின் வசனத்தில் பெரும்பங்கு சென்டர் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. ஆனால் வீட்டில் மிக மோசமான இடம் அதற்குத்தான் கிடைக்கிறது. டிவிக்குக் கீழே, கேபினெட்டின் அடித்தட்டில், முழங்காலைப் பார்த்தபடி.

அதை விளிம்புக்கு இழுத்து, முன்பக்கம் ஒரு கட்டை கொடுத்து, முகம் கேட்பவரின் காதைப் பார்க்கும்படி நிமிர்த்த வேண்டும். சுற்றியுள்ள இடைவெளியை அடைக்க வேண்டும். இரண்டு வூஃபர்களை இருபுறமும் வைத்துப் படுக்கையாகச் செய்த சென்டர் ஸ்பீக்கர்களில், நடுவில் இருப்பவருக்குக் குரல் தெளிவாக இருக்கும். சோபாவின் ஓரத்தில் இருப்பவருக்கு மங்கும். எங்கள் வீட்டில் அம்மா உட்காருவது ஓரத்தில். இப்போது நடு இருக்கை அவருடையது.

யாருக்காக ஸ்பீக்கர் வைக்கிறோம் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: அந்த வீட்டில் மிகக் குறைவாகக் காது கேட்பவருக்காக. அவருக்குச் சொல் விளங்கினால் மற்றவர்களுக்கு இசையும் விளங்கும்.

*

சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர். பாய் விரித்து உட்கார்ந்தால் முக்கால் மீட்டர். ட்வீட்டர் அந்த உயரத்தில் இருப்பது நல்லது. இரண்டு பழக்கமும் உள்ள வீட்டில் நடுவே ஓர் உயரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

இடது, வலது ஸ்பீக்கர்கள் கேட்பவரிடமிருந்து நடுக்கோட்டுக்கு 30 டிகிரி விலகி நிற்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் இரண்டுக்கும் இடையே மூன்று மீட்டர். கோணமானி தேவையில்லை. இருக்கையிலிருந்து நூல் பிடித்து மூன்று பக்கமும் சமமா என்று பார்த்தால் போதும். பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 டிகிரியில், அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னால்.

நம் ஹாலில் ஒரு பக்கம் சாப்பாட்டு மேசையை நோக்கித் திறந்திருக்கும், மறுபக்கம் ஜன்னல். அங்கே சுவர் ஏது? பக்கவாட்டு ஒலியை ஃபால்ஸ் சீலிங்கில் பதிப்பதை நான் ஏற்றுக்கொள்வேன். முன்பக்கத்து மூன்றையும் கூரையில் பதிப்பதை ஏற்கவே மாட்டேன். திரையில் ஒருவர் பேசும்போது குரல் தலைக்கு மேலிருந்து வந்தால் முகமும் குரலும் பிரிந்துவிடுகின்றன. மனம் அதைச் சேர்த்துவைக்க ஓயாமல் உழைக்கிறது. படம் முடியும்போது வரும் அலுப்பில் அதற்கும் பங்குண்டு.

*

தம்புராவைப் போட்டுக் கேட்கிறேன். சோதனைக்கு அதைவிடப் பொறுமையான துணை இல்லை. நான்கு தந்திகள், மாறாத சுருதி. ஒவ்வொரு மீட்டலுக்குப் பின்னும் மேல்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலர்ந்து அடங்க வேண்டும். அலமாரியின் பானை முழக்கம் இருந்தால் ஒரே ஒரு சுரம் மட்டும் முந்திக்கொண்டு நிற்கும். நகர்த்தினால் அது தணியும். ஸ்பீக்கரை நகர்த்த முடியாவிட்டால் புத்தகங்களை நகர்த்துகிறேன்.

பிறகு மிருதங்கம். தொப்பியின் கும்காரம் தனித்தனியாக வந்து போகிறதா, ஒன்றோடொன்று கலந்து குழம்புகிறதா? குழம்பினால் குற்றம் பெரும்பாலும் அறையினுடையது. பன்னிரண்டடி அகல அறையில் 47 ஹெர்ட்ஸ் அருகே ஓர் அலை சுவருக்குச் சுவர் நின்றுவிடும். சுவரோரம் அது வீங்கும், நடுவில் காணாமல் போகும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு சதுர ஹால் என்றால் நீளத்திலும் அதே சுருதி, இரட்டிப்பு வீக்கம். சோபாவைப் பின்சுவரிலிருந்து ஓரடி முன்னால் இழுப்பது பல சமயம் புது சப்வூஃபர் வாங்குவதைவிட அதிகப் பலன் தரும்.

சப்வூஃபரைச் சுவருக்குள் வைக்க வேண்டாம். அதை நகர்த்திப் பார்த்துத்தான் இடம் கண்டுபிடிக்க முடியும். கேட்பவரின் இருக்கையில் சப்வூஃபரை வைத்துவிட்டு, பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து, எங்கே கேட்டால் சீராக இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் வைப்பது பழைய, நம்பகமான முறை. அடுக்குமாடியில் இருப்பவர்கள் அதற்கு அடியில் கனமான ரப்பர் விரிப்பும் போட வேண்டும். அதிர்வு தளத்தில் இறங்கிவிட்டால் கீழ்வீட்டுக்காரர் தூக்கம் போகும், அதைவிடப் பெரிய குறை எந்த ஒலி அமைப்பிலும் இல்லை.

*

சில நடைமுறைக் குறிப்புகள். பின்துளைகளில் குளவி மண்கூடு கட்டும், துணிவலை ஒட்டிவிடலாம். மர அலமாரியைச் சுவரில் ஒட்டிச் செய்யும்போது கரையான் மருந்து அடித்திருக்க வேண்டும். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமாக இருந்தால் நம் புழுக்கத்தில் காலப்போக்கில் உதிர்ந்துவிடும். சுவருக்குள் போகும் ஸ்பீக்கரில் ரப்பர் வளையமே வேண்டும். பழுதானால் அதே அளவுத் துளைக்குப் பொருந்தும் புது மாதிரி அன்றைக்குக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. சுவருக்கு ஆயுள் ஐம்பது ஆண்டு, ஸ்பீக்கருக்கு அவ்வளவு இல்லை. அதனால் துளையைவிடப் பெரிய சட்டம் ஒன்றை ஆசாரியிடம் செய்து பதித்து, அதன் மேல் கழற்றக்கூடிய பலகையில் ஸ்பீக்கரைப் பொருத்துவது நல்லது. மாதிரி மாறினால் பலகையை மட்டும் மாற்றலாம்.

ஒயர், பத்து மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, அதற்கு மேல் 2.5. மின்சார ஒயர் போகும் பைப்பில் இதைச் சேர்த்து இழுக்க விடாதீர்கள்.

*

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்பீக்கர் வாங்கும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும், பூச்சு வேலைக்கு முன்னால் டிவி வரும் சுவரிலிருந்து ஹாலின் பின்மூலைகள் இரண்டுக்கும் 25 மி.மீ. பைப் ஒவ்வொன்று போட்டு, உள்ளே இழுகம்பி விட்டு, வாயை அடைத்து வையுங்கள். பக்கத்தில் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குடிவந்த பிறகு ஸ்பீக்கரை ஸ்டூலில் வைத்துச் சில வாரங்கள் கேளுங்கள், நகர்த்துங்கள், வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். சுவரில் கைவைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும். பூசிய சுவரை வெட்டி மறுபடி பூசி வண்ணம் அடிப்பதில் ஒரு சிறு பங்குகூட அந்த இரண்டு பைப்புக்கு ஆகாது.